சுவருக்கும் ஜாதகம் உண்டா?

கேள்வி: நிலநடுக்கம் வந்தால் செங்கல் சுவர் எப்படி இடியும் என்பதைக் கம்ப்யூட்டரே முன்கூட்டிச் சொல்லிவிடுமாமே, நிஜமா?

பதில்: சொல்லும். ஜோசியரைப் போல 'பரிகாரம் செய்தால் சரியாகிவிடும்' என்று மழுப்பாமல் சொல்லும் என்பதுதான் வித்தியாசம்!

செங்கல் சுவர் ஒரு கூட்டுக் குடும்பம். மேலிருந்து பாரம் அழுத்தினால் ஒற்றுமையாகத் தாங்கும். பக்கவாட்டில் இழுத்தால் ஆளுக்கொரு திசை. பிளவு பெரும்பாலும் கற்களுக்கு இடையிலான கலவை இணைப்பில்தான் தொடங்கும். அதனால் கணக்கு போடுவது கஷ்டம்.

இரண்டு வழிகள் உண்டு. சுவர் முழுவதையும் ஒரே பொருளாகப் பாவிப்பது ஒன்று. வேகமானது, நுணுக்கம் குறைவு. ஒவ்வொரு கல்லையும் ஒவ்வொரு இணைப்பையும் தனித்தனியாகக் கணக்கிடுவது மற்றொன்று. நுணுக்கமானது, கம்ப்யூட்டருக்கு மூச்சு வாங்கும். பாறைத் துண்டுகளுக்காகப் பொறியாளர் பீட்டர் கண்டல் 1971-ல் தந்த இத்தகைய கணக்குமுறை பிறகு சுவர்களுக்கும் கைகொடுத்தது.

ஆனால் கம்ப்யூட்டர் திரையைப் பொறியாளர்கள் அப்படியே நம்பிவிட மாட்டார்கள். நெதர்லாந்தின் குரோனிங்கனில் எரிவாயு எடுத்ததால் நிலம் அதிர்ந்தது. 2012-ல் ரிக்டர் அளவில் 3.6. அதன் பிறகு அந்த ஊர்ப் பாணியில் முழு அளவு செங்கல் வீட்டையே இத்தாலியின் பவியா ஆய்வுக்கூடத்தில் கட்டி, குலுக்கிப் பார்த்தார்கள்!

பரிசோதனையும் கணக்கும் சொல்லும் தீர்ப்பு ஒன்றே: கூரையோடும் பக்கச் சுவர்களோடும் பிணைக்காத சுவர்தான் முதலில் வெளியே சாயும். வீடு கட்டுகிறீர்களா? வாசக்கால் பூஜைக்கு நாள் பார்ப்பதோடு, லிண்டல் மட்டத்தில் எல்லாச் சுவரையும் சுற்றிக் கம்பி போட்ட கான்கிரீட் பெல்ட் உண்டா என்றும் பாருங்கள்.