பொறி பார்ப்பவர்

பழைய டிராக்டரின் டைனமோ சார்ஜ் செய்யவில்லை என்ற செய்தி ஊரில் எவர் வாயிலிருந்து புறப்பட்டாலும், அது பட்டறைக்காரரின் செவியை எட்டுமுன்பே வண்டியருகில் பிரசன்னமாகிவிடுகிற சக்தி பொறி பார்ப்பவருக்கு உண்டு. அவரை மெக்கானிக் என்று சொல்லிவிடாதீர்கள்; மெக்கானிக்குகளுக்கு யோசனை சொல்கிற ஸ்தானம் அவருடையது. மடியில் ஒரு திருப்புளி இருக்கும். அதற்கு மேல் ஆயுதம் எதுவும் அவருக்குத் தேவைப்பட்டதில்லை.

ஆம்பியர் மீட்டரின் முள் எந்தப் பக்கம் சாய்கிறதென்று அவர் பாரார். ஃபேன் பெல்ட்டை விரலால் அழுத்திப் பாரார். பேட்டரி முனையில் பூத்திருக்கும் உப்பைச் சுரண்டவும் மாட்டார். எஞ்சினை ஓடவிட்டு, கைக்கு எட்டிய ஒயர் ஒன்றைக் கழற்றி, குந்தி அமர்ந்து, வேடிக்கை பார்க்கிற பையன்களை இரண்டடி தள்ளி நிற்கச் சொல்லி, அதன் நுனியை இரும்பில் சர்ரென்று உரசுவார். பொறி பறக்கும். அந்த க்ஷணநேர வெளிச்சத்தை, ஜாதகக் கட்டத்தை ஆராயும் ஜோஸ்யரைப்போல் கண்ணை இடுக்கி ஆராய்வார். நீலமாக வந்தால் கட்-அவுட்டில் தோஷம். சிவப்பாக வந்தால் ஆர்மேச்சர் பலவீனம். மனம் நிறையாவிட்டால் மறுபடியும் ஓர் உரசல். கடைசித் தீர்ப்பு மட்டும் என்றும் மாறியதில்லை.

"பேட்டரியை மாத்திடுங்கண்ணே!"

பேட்டரி ஒயரை உரசினால் டைனமோ நல்லதானாலும் கெட்டதானாலும் பொறி வரும். டைனமோவிலிருந்து கழற்றிய ஒயரின் மறுமுனையோ கட்-அவுட் என்கிற தானியங்கிச் சுவிட்சில் இருக்கிறது. அது திறந்துகொண்டபின் அந்த ஒயருக்குப் பேட்டரியின் மின்சாரம் எப்படி வந்து சேரும்? பொறி வராதது டைனமோவின் குற்றமா? டைனமோவின் டி, எஃப் என்ற இரண்டு முனைகளின் ஒயர்களையும் கழற்றி, அம்முனைகளை ஒரு துண்டுக் கம்பியால் இணைத்து, அங்கிருந்து பாடிக்கு வோல்ட் மீட்டரை வைத்து, எஞ்சினை மெள்ள மெள்ளக் கூட்டினால், முள் 12 வோல்ட்டைத் தாண்டி விறுவிறுவென்று ஏறும். ஏறினால் டைனமோ நிரபராதி. 1, 2 வோல்ட்டிலேயே நின்றுவிட்டால் ஃபீல்டு சுருளைப் பார்க்க வேண்டும். அசையவே இல்லையென்றால் கார்பன் பிரஷ்ஷை. இவ்வளவும் அவர் திருப்புளியைத் தேடுகிற நேரத்துக்குள் முடிந்துவிடும்.

பழுது பார்த்து மாட்டிய டைனமோவுக்குத் துருவம் காட்ட, எஃப் முனையில் பேட்டரியின் உயிர்க் கம்பியை ஒரு நொடி தொட்டெடுக்கும்போது பறக்கிற சிறு பொறி ஒன்றே சாஸ்திரோக்தமானது. அந்தச் சமயத்தில் மாத்திரம் மனிதர் டீக்கடைக்குப் போயிருப்பார்.

பாதி ராத்திரியில் உழுகிற வயலில் விளக்கு மங்கினாலும், கூப்பிட்ட குரலுக்கு டார்ச்சும் கையுமாக வரப்பில் ஓடி வருகிறவர் அவர்தான்; காலணா வாங்கமாட்டார். அதற்காக எதையும் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் ஆல்டர்னேட்டர் வைத்த பக்கத்து வீட்டு வண்டியில், எஞ்சின் ஓடும்போதே பேட்டரி ஒயரைப் பிடுங்கிப் பார்த்து, டயோடுகளை எரித்துவிட்டு, "முன்னமே வீக்கா இருந்திச்சு" என்று சொல்லிப் போனாரே, அதைப் பொறுக்க முடியாது. தண்டம் அழுதவர் வண்டிக்காரர்.

ஆகையால் வாசகர்களே, அவர் வருவது தெரிந்தால் முதலில் எஞ்சினை நிறுத்திவிடுங்கள். பெல்ட்டை இறுக்கி, பேட்டரி முனைகளையும் எர்த் ஒயரையும் சுத்தம் செய்து மாட்டுங்கள். அவருக்கு ஒரு டீ சொல்லுங்கள். திருப்புளியை மட்டும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.