வெல்லம் மட்டும் விதிமுறை படிக்கவில்லை

பள்ளிப்பட்டுப் பக்கம் விசைத்தறி ஓட்டுபவரைக் கேளுங்கள். புடவையில் ஒரு இழை அறுந்திருந்தால் கூலியில் பிடித்தம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் லேத் பட்டறை வைத்திருப்பவரைக் கேளுங்கள். போல்ட் அளவு கொஞ்சம் பிசகினால் மொத்த லாட்டும் திரும்பி வரும். பின்னாலேயே டெபிட் நோட்டும் வரும். சரக்கு சரியில்லையா, காசு இல்லை. இது சின்ன ஆட்களுக்கான நியாயம்.

பெரிய ஆட்களுக்கான நியாயத்தை 2022 பொங்கலில் பார்த்தோம். அரசின் பொங்கல் பரிசுத் தொகுப்பு: 21 பொருள், 2 கோடியே 15 லட்சம் குடும்ப அட்டை, ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் செலவு என்று அறிவிப்பு. ரேஷன் கடை வரிசையில் நின்று வாங்கி வந்து பிரித்தால், ஊர் ஊராக வெல்லம் பாகாய் ஒழுகியது. பொங்கல் வைக்கிற வேலையில் பாதியை அரசே முடித்துக் கொடுத்துவிட்டது.

விதி இல்லாமலா? 1998-லேயே ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைக்குச் சட்டம் போட்ட மாநிலம் இது. டெண்டர் போட 2 கோடி ரூபாய் வரை 15 நாள், அதற்கு மேல் 30 நாள் அவகாசம். சுருக்கினால் காரணத்தை எழுதிவைக்க வேண்டும். அந்தப் பொங்கல் பரிசு அறிவிப்போ கார்த்திகை பிறக்கும்போதுதான் வந்தது. தை மாதம் சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிடுகிறது, பாவம்.

இப்படிப்பட்ட டெண்டர் ஃபைல்களில் குறையே இருக்காது. முன்வைப்புத் தொகை? கட்டியாயிற்று. தரச் சான்று? இருக்கிறது. கையெழுத்து? வேண்டிய அளவுக்கு. வெல்லம்தான் எதையும் படிக்காமல் உருகித் தொலைத்தது.

புகார் முற்றியதும், தரமற்ற பொருள் கொடுத்த நிறுவனங்களைக் கறுப்புப் பட்டியலில் சேர்க்க முதல்வர் உத்தரவிட்டார். நல்லது. ஆனால் உண்மையான வேகம் வேறிடத்தில் தெரிந்தது. பள்ளிப்பட்டுக்குப் பக்கத்துத் திருத்தணியில், பரிசுத் தொகுப்பின் புளிப் பொட்டலத்தில் செத்த பல்லி கிடந்ததாகச் சொன்னவர் மீது போலீஸ் வழக்குப் போட்டது. அதற்கு டெண்டர் இல்லை, 30 நாள் அவகாசமும் இல்லை. வழக்குக்குப் பின் அவருடைய மகன் தீக்குளித்து இறந்தார். பல்லி நிஜமா பொய்யா என்று ஆய்வுக்கூடம் சொல்லட்டும். அதைச் சொல்வது காவல் நிலையத்தின் வேலையா?

ரேஷன் கடைக் கருவியில் நம் பாட்டியின் தேய்ந்த விரல் பதியவில்லை என்றால் அரிசிக்கு அலைய வேண்டும். கறுப்புப் பட்டியலில் ஏறிய கம்பெனி, மறுவருஷம் மைத்துனர் பெயரில் பலகை மாட்டிக்கொண்டு வந்தால் எந்தக் கருவி பிடிக்கும்?

2023 பொங்கலுக்குத் தீர்வு கண்டுபிடித்தார்கள். பச்சரிசி, சர்க்கரை, ஆயிரம் ரூபாய். கரும்பை முதலில் விட்டுவிட்டார்கள். விவசாயிகள் சத்தம் போட்டதும் சேர்த்தார்கள். வெல்லத்தைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார்கள். அந்த ஆண்டு வெல்லம் உருகியதாக ஒரு புகாரும் இல்லை.