வந்தவனும் போறவனும்

ஏற்காட்டிலிருந்து நாகலூர் போகும் வழியில் ஒரு டீக்கடை. காப்பிப் பழம் பறிக்கும் பருவம். எஸ்டேட் மேஸ்திரி வருகிறார்.

மேஸ்திரி: ஒரு டீங்கக்கா, சர்க்கரை கம்மியா. எங்க பாத்தாலும் ஜார்க்கண்டுக்காரன். குறைஞ்ச கூலிக்கு வந்து நம்ம பொழப்பக் கெடுக்கறானுங்க.

கடைக்கார அக்கா: கூட்டியாந்தது நீங்கதானே? தலைக்கு இவ்வளவுன்னு கமிஷனோட.

மேஸ்திரி: அது தொழில்ங்க. ஒரே நாடு ஒரே ரேஷன்னு 2020ல இங்கயும் கொண்டாந்தாங்களே, விரல வச்சு அரிசி வாங்கிட்டுப் போறான். நம்ம மலையில வெளியாளுக்கு என்ன வேலை?

அக்கா: காப்பிச் செடியே 1820கள்ல வெள்ளைக்காரக் கலெக்டர் காக்பர்ன் கொண்டாந்தது. மிளகு ஏத்திவிட்ட சில்வர் ஓக்கு ஆஸ்திரேலியாக்காரன். பிடுங்கிப் போடலாமா? அது சரி, நீங்க ரேஷன் அரிசி வாங்கறதில்லையா?

மேஸ்திரி: வாங்கி மாட்டுக்குப் போடறேன். அது வேற. விசயம் தெரியுமா? எம் பையன் குவைத் போறான்! வீட்டு வேலை, மாசம் 60 தினார்!

அக்கா: அந்த ஊர்க்காரன் 60 தினாருக்கு வருவானா?

மேஸ்திரி: அவன் எதுக்கு வர்றான்?

அக்கா: அப்ப உங்க பையனும் குறைஞ்ச கூலிக்குத்தான் போறான்.

மேஸ்திரி: அது வெளிநாட்டு வேலைங்க! ஏஜென்டுக்கு ஒண்ணே கால் லட்சம் கட்டியிருக்கேன்.

அக்கா: சட்டப்படி 30,000, வரியோட 35,400தானே?

மேஸ்திரி: மீதி மரியாதைக்கு.

அக்கா: பையன் பத்தாவது பெயிலாச்சே. சென்னையில எமிக்ரேஷன் கிளியரன்ஸ் வாங்கிட்டீங்களா? அதோட போனா 275 ரூபா பிரீமியத்துல 10 லட்சம் இன்சூரன்ஸ் உண்டு.

மேஸ்திரி: அந்த அலைச்சல் வேண்டாம், டூரிஸ்ட் விசாவுல அனுப்பிடலாம்னு ஏஜென்ட் சொல்லிட்டாரு.

அக்கா: இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி இங்கயும்தான் டூரிஸ்ட் வர்றாங்க. ஒருத்தரும் பாத்திரம் கழுவி நான் பாத்ததில்ல.

மேஸ்திரி: கிண்டல் பண்ணாதீங்க. பென்ஷன், ரேஷன் எல்லாம் அங்க கவர்மென்ட் பாத்துக்குமாம்.

அக்கா: பாத்துக்கும், குவைத்துக்காரனை. பென்ஷனும் ரேஷன் கார்டும் அவனுக்குத்தான். உங்க பையன் விரல வச்சா அரிசி வராது.

மேஸ்திரி: அநியாயமா இருக்கே! உழைக்கறது எம் பையனாச்சே!

அக்கா: தங்கறதுக்கு?

மேஸ்திரி: தனி ரூமு, நல்லா இருக்கும்னு ஏஜென்ட் போன்ல சொன்னாரு.

அக்கா: தகரம் ஒழுகற லைன் வீட்டுல எட்டுப் பேரை அடைச்சிருக்கீங்களே, அவங்களுக்கு நீங்க போன்ல என்ன சொன்னீங்க?

மேஸ்திரி: தனி ரூமு, நல்லா இருக்கும்னு… டீக்கு எவ்வளவுங்கக்கா?