காலி பாட்டிலுக்குப் பத்து ரூபாய்

கொடைக்கானல் மலையில் காலி மது பாட்டிலுக்கு இருக்கிற மரியாதை மனிதனுக்கு இல்லை. உயர் நீதிமன்ற உத்தரவால் 2022இல் நீலகிரியில் தொடங்கிய திட்டம் இங்கும் ஏறி வந்தது. டாஸ்மாக் கடையில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்குவார்கள். காலி பாட்டிலைக் கொண்டுபோனால் அந்தப் பத்தும் கைக்கு வரும். ‘ஏன் காலியானாய், இனிமேல் ஒழுங்காக இருப்பாயா?’ என்று பாட்டிலை யாரும் விசாரிப்பதில்லை. பெருமாள்மலை முக்கில், வத்தலக்குண்டுச் சாலையும் பழனிச் சாலையும் பிரிகிற இடத்தில் பஸ்ஸுக்கு நின்றபோது, சாக்கு நிறையப் பாட்டிலோடு ஒருவர் போவதைப் பார்த்தேன். கண்ணாடிக்குத் திரும்பி வர வழி இருக்கிறது. அதைக் காலி செய்தவருக்கு? அதிலும் அவர் மருத்துவராகவோ செவிலியராகவோ இருந்துவிட்டால்?

நம் ஊர்களில் ஒரு டாக்டர் கதை உண்டு. “தண்ணி போட்டாத்தான் அவருக்குக் கை நிக்கும். ஆனா கைராசிக்காரர்!” பெருமையாகவே சொல்வார்கள். வேறு போதையும் உண்டு. மயக்க மருந்து அலமாரிக்கு இரட்டைப் பூட்டு. ஆனால் சாவி வைத்திருப்பவருக்குப் பூட்டு ஏது? பதிவேட்டில் முழு ஆம்பூலும் நோயாளிக்கு. நிஜத்தில் பாதி தன் நரம்புக்கு. சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டை. கூட நிற்பவர்களுக்குத் தெரியும். ‘நமக்கெதுக்கு வம்பு?’ அவர்கள் பேசாதவரை அவர் பதிவு எண்ணில் ஒரு கீறல் விழாது.

ஒருநாள் அவர் தெளிந்து, “எனக்கு வைத்தியம் வேணும்” என்று வாயைத் திறக்கட்டும். அன்றைக்குத்தான் எல்லோருக்கும் ஒழுக்கம் ஞாபகம் வரும். நிர்வாகத்துக்குத் தெரிந்த ஒரே சிகிச்சை இடமாறுதல். ‘தண்ணியில்லாக் காட்டுக்கு’ மாற்றுவார்கள். அந்தத் தண்ணி இல்லாத காடு தமிழ்நாட்டில் எங்கே இருக்கிறது என்று டாஸ்மாக்கைத்தான் கேட்க வேண்டும். 2023-24இல் 45,855 கோடி ரூபாயை அரசுக்குக் கொட்டிய கடை அது. ஊற்றிக் கொடுப்பதும் அரசு, ஊதச் சொல்வதும் அரசு.

2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் புது நடத்தை விதிகளை வெளியிட்டது. பணியில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், தொழிலைப் பாதிக்கும்படி மதுவோ போதையோ பயன்படுத்தினால் அது நடத்தைக் கேடு என்றது. நல்லது. ஆனால் அதே மாதத்தில் அந்த விதிகள் நிறுத்திவைக்கப்பட்டன. மருந்தின் பொதுப்பெயரை எழுது, மருந்து கம்பெனி காசில் கருத்தரங்குக்குப் போகாதே என்றும் அவற்றில் இருந்ததே! சங்கங்கள் பொங்கின. மீண்டு வரும் சக மருத்துவருக்கு வழி என்ன என்று அந்தக் கூச்சலில் ஒருவர் கேட்டதாக என் காதில் விழவில்லை.

சட்டத்துக்கு இருக்கும் இரக்கம்கூட நிர்வாகத்துக்கும் சங்கங்களுக்கும் இல்லை. மது, போதையோடு சேர்ந்து வரும் மனநிலைகளை மனநோய் என்றே 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் சொல்கிறது; நோயாளியின் ரகசியம் காக்கப்பட வேண்டும் என்கிறது. தானாக முன்வந்து சிகிச்சையை முடிப்பவருக்குச் சிறிய குற்றங்களில் வழக்கிலிருந்து விலக்கு என்கிறது 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு. சர்க்கரை நோயுள்ள டாக்டர் மெட்பார்மின் விழுங்கிவிட்டு ஓ.பி. பார்க்கலாம். குடிநோய்க்கு மருந்து எடுத்தால் மட்டும் தலையில் முக்காடு.

அமெரிக்காவில் 16 மாநிலங்களின் கண்காணிப்புத் திட்டங்களில் சேர்ந்த 904 மருத்துவர்களைப் பின்தொடர்ந்த ஆய்வு 2008இல் வெளியானது. ஐந்தாண்டு கழித்து ஏறக்குறைய ஐந்தில் நால்வர் உரிமத்தோடு வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலில் வேலையிலிருந்து விலக்கி வைத்தார்கள், சிகிச்சை கொடுத்தார்கள், சொல்லாமல் கொள்ளாமல் சிறுநீரைச் சோதித்தார்கள், தேறியவரைத் திரும்ப அழைத்தார்கள். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பை 1935இல் தொடங்கிய இருவரில் ஒருவரான பாப் ஸ்மித், குடியில் மூழ்கி எழுந்த அறுவை மருத்துவர்தான். வைத்தியத்துக்கு நாம் கடல் தாண்ட வேண்டாம்: சாந்தி ரங்கநாதன் சென்னையில் மீட்பு மையம் தொடங்கியது 1980இல். வைத்தியம் இருக்கிறது, முடித்துவிட்டு வருபவருக்குத்தான் நாற்காலி இல்லை.

குடித்த கை கத்தியைத் தொடக்கூடாது. இதில் தாட்சண்யமே வேண்டாம். அதனால்தான் சொல்கிறேன்: சொன்னால் பிழைப்பு போகும் என்றால் எவர் சொல்வார்? ஒளிப்பார். ஒளித்துக்கொண்டே ஊசி போடுவார். வெள்ளகவி போன்ற ஊர்களிலிருந்து நோயாளியை டோலி கட்டித் தூக்கி வருகிற மலை இது. அவ்வளவு தூரம் சுமந்து வந்தவரை நடுங்கும் கையில் ஒப்படைப்பதுதான் உங்கள் ஒழுக்கமா?

தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்கும் செவிலியர் கவுன்சிலுக்கும் பெருமாள்மலையிலிருந்து ஒரு விண்ணப்பம். ரகசியமாகச் சொல்ல ஒரு எண், சிகிச்சைக்கு விடுப்பு, தேறும்வரை சோதனை, தேறியபின் கண்காணிப்போடு பழைய வேலை. ஒரு பக்கத்தில் எழுதிவிடலாம். கை வரவில்லை என்றால் டாஸ்மாக்கின் பாட்டில் சுற்றறிக்கையை வாங்கி, ‘பாட்டில்’ என்ற இடத்தில் ‘பணியாளர்’ என்று திருத்திக்கொள்ளுங்கள். பத்து ரூபாயை நாங்களே கட்டிவிடுகிறோம்.