நல்ல தாயின்னு பேரெடுக்க ஒரு யோசனை

கொரியாவுல வேலைக்குப் போற தாய்மாரே, கெழவன் சொல்றேன்னு கோவிச்சுக்காதீங்க. வெப்டூன்ங்கிற போன் படக்கதை படிக்கிற வாசகர்கிட்ட நல்ல தாயின்னு பேரெடுக்க ஒரே வழிதான் உண்டு. முதல் அத்தியாயத்துலயே செத்துப் போயிரணும்.

வெளையாட்டுக்குச் சொல்லல. 2017-ல வந்த ‘ஹூ மேட் மீ எ பிரின்சஸ்’ கதையப் பாருங்க. பெத்தவ டயானா பிரசவத்தோட போய்ச் சேர்ந்துட்டா. அப்பன் கிளாட், சக்கரவர்த்தி. மக ஒருத்தி இருக்காளேன்னு அஞ்சு வயசு வரைக்கும் கண்டுக்கல. கதையில முதல்ல எழுதியிருந்த விதிப்படி அவ உயிரையே வாங்குன மகராசன். வளத்ததெல்லாம் லில்லிங்கிற பணிப்பொண்ணு. ஆனா ஐயா ஒருநாள் மகளை எதிர்ல உக்காத்தி டீ குடிச்சாரு பாருங்க, வாசகரெல்லாம் உருகிட்டாங்க! என்னா பாசம், என்னா பாசம்!

இப்ப யூன் தே-ஹோ எழுதுன ‘மிசேங்’குக்கு வாங்க. 2014-ல அது டிவி நாடகமாவும் வந்துச்சு. அதுல சன் ஜி-யோங் கம்பெனியில பெரிய பொறுப்புல இருக்கா. சாயங்காலம் ஆனா புருசனும் பொண்டாட்டியும் போன்ல மல்லுக்கட்டுறாங்க, காப்பகத்துல இருந்து பிள்ளையை யாரு கூட்டியாறதுன்னு. பிள்ளை குடும்பப் படம் வரையுது, அம்மாவுக்கு மூஞ்சியே இல்ல. அப்பன் பாட்டுக்குப் படுத்துக் கெடக்கான். பாத்தவங்க கண்ணெல்லாம் அம்மா மூஞ்சியத் தேடுச்சு. படுத்துக் கெடந்தவனை எழுப்பத்தான் ஆளில்ல. வேலைக்குப் போற பொம்பளைங்க மட்டும், இது எங்க வீட்டுக் கதையாச்சேன்னு கண்ணத் தொடச்சுக்கிட்டாங்க.

கதையில பொம்பளை பொறுத்துப் போனா, சக்கரவள்ளிக்கெழங்கு தொண்டைய அடைக்குதும்பாங்க அந்த ஊரு வாசகர். எதுத்துப் பேசிட்டா சைடர் குடிச்ச மாதிரி இருக்காம். சைடருன்னா அங்க நம்ம சோடா மாதிரி.

சோடா கேக்குற தம்பிகளா, உங்க அரசாங்கமே 2019-ல கணக்கெடுத்துச்சு. ரெண்டு பேரும் சம்பாதிக்கிற வீட்டுல வீட்டுவேலைக்கு ஒரு நாளைக்கு பொண்டாட்டி 3 மணி 7 நிமிசம், புருசன் 54 நிமிசம். 2023-ல பிள்ளைப்பேறு விகிதம் 0.72-க்கு வந்து நின்னுச்சு. பிள்ளை ஏன் பெத்துக்க மாட்டேங்கிறாங்கன்னு கமிட்டி போட்டு யோசிக்கிறாங்களாம். யோசிக்கட்டும், படிச்சவுக.

நீங்க சக்கரவர்த்திக்குப் பத்துக்குப் பத்து நட்சத்திரம் தாராளமாப் போடுங்க. ஒரு கையில போனு இருந்தா என்ன, இன்னொரு கை சும்மாத்தான இருக்கு? பாத்திரம் ஊறிக்கிட்டுக் கெடக்கு, எந்திரிங்க.