45 டிகிரி மனிதர்

புதுச்சேரியில் வில்லியனூர், பாகூர் பக்கம் ஓய்வுபெற்ற அரசு ஊழியர்களில் ஒரு ரகம் உண்டு. ஓய்வூதியம் வரத் தொடங்கியதும் இவர் நீர்வண்ணம் பழகுவார். பாகூர் ஏரி, மூலநாதர் கோயில், திருக்காமீசுவரர் கோயில் தேர் என்று வரைந்து தள்ளுவார். அதுவரை ஊருக்கு ஆபத்தில்லை. படத்துக்கான மவுண்டை நாமே வெட்டினால் என்ன என்று ஒருநாள் தோன்றும் பாருங்கள், அன்றோடு ஓவியர் காலி.

பிரேம் கடைக்காரர்களைச் சொல்லிக் குற்றமில்லை. அவர்களிடம் வருவதெல்லாம் சாமி படமும் கல்யாணப் போட்டோவும்தான். கண்ணாடியை ஒட்டிப் படம், பின்னால் அட்டை, நாலு ஆணி, முடிந்தது வேலை. நம்மவருக்கு இது அடுக்காது. நீர்வண்ணத் தாள் கண்ணாடியைத் தொடக்கூடாது, ஐப்பசி அடைமழையில் உள்ளே ஈரம் கோத்தால் தாள் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும், பூஞ்சை பிடிக்கும் என்பார். அதைத் தடுக்கத்தான் இடையில் ஜன்னல் வெட்டிய அட்டை, அதாவது மவுண்ட். சொல்வது அத்தனையும் சரி. மளிகைக் கடையில் பருப்பு வாங்க நிற்பவரிடம் சொல்வதுதான் சிக்கல்.

கணக்கில் புலி. ஏ4 படம் 210க்கு 297 மில்லிமீட்டர். தாளின் ஓரம் மறைய ஒவ்வொரு பக்கமும் 3 மில்லிமீட்டர் குறைத்தால் ஜன்னல் 204க்கு 291. ஜன்னலுக்கு மேலேயும் பக்கவாட்டிலும் 65 விட்டால், அடியில் 75 விட வேண்டும். இல்லாவிட்டால் படம் கீழே சரிவதுபோல் கண்ணுக்குத் தெரியும். இதையும் ஒருவர் விடாமல் பிடித்து நிறுத்திச் சொல்லியிருக்கிறார்.

வெட்டுவது வேறு கதை. அட்டையைக் கவிழ்த்துப் போட்டு, பின்பக்கத்திலிருந்து, பிளேடை 45 டிகிரி சாய்த்து இழுக்க வேண்டும். சாய்வு திசை மாறினால் வெள்ளை விளிம்பு பின்பக்கம் போய் ஒளிந்துகொள்ளும். மூலைக்கு முன்பே நிறுத்தினால் நடுத்துண்டு விழாமல் தொங்கும். பிய்த்தால் நார் நாராக வரும். கொஞ்சம் தாண்டினாலோ முகப்பில் கீறல். கீறலை மறைக்க அவர் கண்ட வழி, ஜன்னலையே பெரிதாக்குவது. ஜன்னல் பெரிதானால் படம் போதாது, புதிதாக வரைய வேண்டும். முதலில் தேர்ச் சக்கரம் மட்டும் இருந்த படத்தில், பிற்பாடு துணைநிலை ஆளுநரும் வந்து வடம் பிடித்தது இப்படித்தான்.

முகூர்த்த மாதங்களில் பயிற்சி மும்முரம். வருகிற கல்யாணப் பத்திரிகைக்கெல்லாம் நடுவில் ஜன்னல். மணமக்கள் பெயர் கீழே விழுந்து, "தங்கள் நல்வரவை விரும்பும்" மட்டும் ஓரத்தில் நிற்கும்.

"ஏங்க, ஏரியை எப்ப வரையப் போறீங்க?"

"இரும்மா, முதல்ல ஜன்னல் முடியட்டும்."

அடுத்து அமிலப் பிரசங்கம். மரக்கூழ் அட்டையில் லிக்னின் இருக்கிறது. நாளாக ஆக அமிலம் கசிந்து, ஜன்னல் விளிம்பை ஒட்டிப் படத்தில் பழுப்புக் கோடு விழும். ஆகவே பருத்தி அட்டைதான் வேண்டும். 1959 முதல் புதுச்சேரியில் இயங்கும் ஸ்ரீஅரவிந்தர் கைத்தாள் ஆலையைப் பற்றி அவர் பேசும்போது குரலே தழுதழுக்கும். கந்தல் பருத்தியிலிருந்து தாள் செய்கிறார்கள் என்று தெரிந்த பிறகு, அவர் வீட்டில் பழைய வேட்டியைக்கூட யாரும் தூக்கி எறிய முடிவதில்லை. வில்லியனூர் சுடுமண் சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. பாழான மவுண்டுக்கும் ஒன்று கொடுப்பதாக இருந்தால் இவர் வீட்டுக் கொல்லைக்கே கொடுக்கலாம்.

நியாயமாகச் சொன்னால், இப்போதெல்லாம் மூலைகள் கத்தரித்த மாதிரி சுத்தமாக விழுகின்றன. பார்க்க வருபவர்கள் மவுண்டைத்தான் மெச்சுகிறார்கள். நடுவில் இருக்கும் ஏரியைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

நீங்களும் வெட்டப் போகிறீர்களா? மவுண்டுக்கு ஒரு புது பிளேடு போடுங்கள், அடியில் பழைய அட்டை ஒன்றை வையுங்கள், கனமான இரும்பு ஸ்கேலை அசையாமல் பிடியுங்கள். சந்தேகம் வந்தால் அவரைத் தவிர யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள். கேட்டுவிட்டால், கடைசி பஸ் போய்விடும்.