கிரிட்டிக்கல்

கேள்வி: 'கிரிட்டிக்கல்' என்று டாக்டரும் சொல்கிறார், சினிமா விமர்சகரும் சொல்கிறார். இரண்டும் ஒரே சொல்தானா?

பதில்: ஒரே சொல்தான். சில படங்களைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சந்தேகம் வராது.

மூலம் 'கிரினைன்' என்ற கிரேக்க வினைச்சொல்: பிரித்தறிதல், தீர்ப்பிடுதல். அப்படித் தீர்ப்பிடத் தெரிந்தவர் 'கிரிட்டிகோஸ்'. கிரேக்க மருத்துவர்கள் நோயாளி பிழைப்பாரா, மாட்டாரா என்று தெரிந்துவிடும் கட்டத்தை 'கிரிசிஸ்' என்றார்கள். அங்கே தீர்ப்புச் சொல்வது நோய், மேல்முறையீடு கிடையாது. தீவிர சிகிச்சைப் பிரிவில் இன்று கேட்கும் 'கிரிட்டிக்கல்' அதன் வாரிசு.

அணுவிஞ்ஞானிகள் கையில் இதே சொல் நல்ல சேதி. தொடர்வினை தானாகவே தொடர்ந்து நடக்கும் நிலைக்கு வந்துவிட்டால் அணு உலை 'கிரிட்டிக்கல்' ஆகிவிட்டது என்பார்கள். 1942 டிசம்பர் 2-ஆம் தேதி சிகாகோ பல்கலைக்கழக விளையாட்டரங்கின் அடியில் ஃபெர்மி குழுவினரின் உலையும், 1956 ஆகஸ்டில் டிராம்பேயில் அப்சரா உலையும் அப்படி ஆயின. இரண்டு இடத்திலும் யாரும் உறவினர்களுக்குத் தந்தி அடிக்கவில்லை.

புத்தக உலகில் 'கிரிட்டிக்கல் எடிஷன்' என்றால் செம்பதிப்பு. பல சுவடிகளை ஒப்பிட்டு, எந்தப் பாடம் சரி என்று தீர்மானித்து அச்சிடுவது. புனே பண்டார்கர் நிறுவனம் மகாபாரதத்துக்கு இதைச் செய்யத் தொடங்கியது 1919-இல். மூலப்பாடம் முடிந்தது 1966-இல். குருட்சேத்திரப் போர் 18 நாளில் முடிந்துவிட்டது.

குறை சொல்வது என்ற பொருள்தான் பேச்சில் அதிகம். ஆனாலும் 'கிரிட்டிக்கல் அக்ளெய்ம்' என்றால் விமர்சகர்களின் பாராட்டு. வசூல் வராத படத்தின் தயாரிப்பாளருக்குக் கிடைப்பது பெரும்பாலும் அதுதான்.